ஜீப்பும் டீசல் யந்திரமும்

யுத்தத்திற்கென்று பிறந்து, சமாதான காலத்தில் உத்தியோகம் பார்த்த வாகனம் ஜீப். 1941-ல் அமெரிக்க ராணுவத்துக்காக வில்லிஸ் கம்பெனியார் இதைச் செய்யத் தொடங்கினர். 1945-ல் மகீந்திரா சகோதரர்களும் குலாம் முகம்மதும் உருக்கு வியாபாரத்துக்காக ஒரு கம்பெனி ஏற்படுத்தினர். தேசப் பிரிவினைக்குப் பின் குலாம் முகம்மது பாகிஸ்தானின் நிதி மந்திரியானார். 1948-ல் கம்பெனி 'மகீந்திரா அண்டு மகீந்திரா' ஆயிற்று. அதுவே ஜீப்பை நம் நாட்டில் பூட்டி விற்றது. தாசில்தாரையும் தேர்தல் அபேட்சகரையும் அந்த வண்டி பாரபட்சமின்றிச் சுமந்தது.

அதற்கு ஒரு குறை, தீராத தாகம். பழைய வில்லிஸ் யந்திரம் 2.2 லிட்டர், 60 குதிரைச் சக்தி, குடிப்பதெல்லாம் பெட்ரோல். ஆகவே பலர் பெட்ரோல் யந்திரத்தை இறக்கிவிட்டு டீசலை ஏற்றினர். 1980-களில் கம்பெனியாரே பிரான்ஸ் தேசத்துப் பெஜோ நிறுவனத்தின் மாதிரியில் 2,112 கன சென்டிமீட்டர் டீசல் யந்திரத்தை ஜீப்புகளில் வைத்தனர். பிரெஞ்சு ஆட்சி 1954-ல் புதுச்சேரியை விட்டுப் போயிற்று. பிரெஞ்சு யந்திரமோ பிற்பாடு பம்பாய் வழியாக வந்து சேர்ந்தது!

எங்கள் வைத்திக்குப்பத்தில் ஒரு குடும்பத்தாரிடம் தகப்பனார் விட்டுச்சென்ற பெட்ரோல் ஜீப் ஒன்று இருக்கிறது. பழைய இரும்பாக விற்றுவிடலாம் என்பது மூத்தவர் கட்சி. உபயோகித்த பெஜோ யந்திரம் ஒன்றை வாங்கிப் புதுப்பித்துப் பொருத்தலாம் என்பது இளையவர் கட்சி. இதைத் தீர்மானிக்குமுன் டீசலின் சுபாவத்தை அறிவது அவசியம்.

பெட்ரோல் யந்திரத்தில் எரிபொருளை மூட்டுவது மின்பொறி. டீசலில் பொறி கிடையாது. பிஸ்டன் காற்றை நெருக்குகிறது. நெருக்கப்பட்ட காற்று கொதிக்கிறது. அதில் எண்ணெய் தெளித்தவுடன் தானே பற்றிக்கொள்கிறது. பழைய ஜீப் யந்திரம் காற்றைச் சுமார் ஆறரையில் ஒரு பங்காக நெருக்கினால் போதும். இவ்வகைச் சிறு டீசல் யந்திரமோ இருபதில் ஒரு பங்குக்கும் கீழே நெருக்கவேண்டும். ருடால்ஃப் டீசல் 1897-ல் ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில் இதை ஓட்டிக் காட்டினார். 1900-ல் பாரிஸ் பொருட்காட்சியில் இவ்வகை யந்திரம் ஒன்று மணிலாக்கொட்டை எண்ணெயில் ஓடிற்று. அக்காலத்தில் நமது புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து மணிலாக்கொட்டை மூட்டை மூட்டையாகப் பிரான்சுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தது என்பதை நேயர்கள் நினைத்துப் பார்க்கலாம்.

நெருக்கமே டீசலுக்கு உயிர் என்பதால், புதுப்பிக்கும் வேலை முழுவதும் அளவு பார்க்கும் வேலைதான். ரிங் தேய்ந்த பெட்ரோல் யந்திரம் நொண்டியாவது ஓடும். டீசலோ காலையில் கிளம்பவே மறுக்கும். சிலிண்டரை மேலும் கீழும், குறுக்கும் நெடுக்கும் அளந்து, தேய்மானம் மிகுந்தால் லேத் பட்டறையில் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடவேண்டும். ரிங் முனைகளுக்கிடையே விடும் சந்து அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. கிராங்கைத் தேய்த்தால் பேரிங்கும் அந்த அளவுக்கே வாங்கவேண்டும். ஹெட்டில் வெடிப்பு உண்டா என்று சோதித்து, போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, படிப்படியாக, உரிய விசையில் முறுக்கவேண்டும். எண்ணெய் தெளிக்கும் பம்ப்பையும் நாசிலையும் தெருவோரத்தில் பிரிக்காமல், அதற்கென்றே கருவி வைத்திருக்கும் பட்டறைக்கு அனுப்புவதே விவேகம்.

முதன்முதல் கிளப்பும்போது ஓர் அபாயம் உண்டு. பம்ப் சிக்கிக்கொண்டாலோ, உள்ளே மசகெண்ணெய் கசிந்து எரியத் தொடங்கினாலோ, யந்திரம் கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கும். சாவியைத் திருப்பினால் நிற்காது; சிதறும் வரையில் ஓடும். ஆகையால் நல்ல மெக்கானிக் கையெட்டும் தூரத்தில் ஒரு பலகையை வைத்திருப்பார். காற்று புகும் வாயை அதனால் அடைத்தால் யந்திரம் மூச்சடங்கி நிற்கும். அங்கே உள்ளங்கையை வைப்பது மட்டும் கூடாது. உறிஞ்சும் விசை கையைக் காயப்படுத்திவிடும்.

யந்திரம் சித்தமானாலும் வண்டி சித்தமாகிவிடாது. டீசலின் அதிர்ச்சியைத் தாங்கத் தாங்கிகளும், பாரத்துக்கு முன்புற வில்களும், குளிர்விக்க ரேடியேட்டரும், கியர்ப் பெட்டியோடு இணைக்கத் தகடும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பிரேக். தகப்பனார் காலத்து டிரம் பிரேக்கைப் புதுப்பிக்காமல் யந்திரத்துக்கு மட்டும் பணம் செலவிடுவது, தாழ்ப்பாள் இல்லாத வீட்டுக்குத் தங்கக் கதவு போடுவதற்கு ஒப்பாகும்.

சட்டமும் இருக்கிறது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரம் தயாரிப்பாளர் குறித்ததற்கு மாறுபடும்படி வண்டியைத் திருத்தலாகாது என்கிறது. 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் இதை வலியுறுத்திற்று. பெட்ரோல் என்று எழுதிய வண்டியில் டீசலை வைத்துவிட்டுப் பிறகு அனுமதி தேடுவது, கல்யாணத்தை முடித்துவிட்டுப் பெண் கேட்கப் போவது போலாகும். விபத்து நேர்ந்தால் இன்ஷியூரன்ஸ் கம்பெனியார் முதலில் அந்தக் காகிதத்தைத்தான் பார்ப்பார்கள்.

ஆகவே அந்தச் சகோதரர்களுக்கு நான் சொன்ன யோசனை இது: முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய் எழுத்தில் பதில் பெறுங்கள். அனுமதி கிடைத்தால் பிரேக்கில் ஆரம்பியுங்கள். கிடைக்காவிட்டால் பழைய பெட்ரோல் யந்திரத்தையே அதே சிரத்தையோடு புதுப்பியுங்கள். வருஷத்தில் சில நூறு மைல் ஓடும் வண்டிக்குப் பெட்ரோல் செலவு அப்படியொன்றும் பிரமாதமல்ல.

இளையவர் இன்ஜினீயரிங் பட்டதாரி. ஆயினும் மைக்ரோமீட்டரைக் கையில் பிடித்ததில்லையாம். எங்கள் கடற்கரையில் படகு யந்திரத்தைப் பிரித்துப் பூட்டுபவர்களோ கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அளவு பார்க்கத் தெரிந்தவரும் காரணம் தெரிந்தவரும் ஒரே விளக்கின் கீழ் ஒரு மாதம் உட்கார்ந்தால், அந்த ஜீப் ஓடினாலும் ஓடாவிட்டாலும், இருவருக்கும் லாபமே.