காலனிக்கு மட்டும்தானா களப்பணி?

ஏப்ரல் பிறந்தால் எங்கள் அலுவலகத்துக்குக் கல்லூரிக் கடிதத்தோடு இரண்டு மூன்று பேர் வந்து நிற்பார்கள். எம்.எஸ்.டபிள்யூ. இறுதிப் பருவத் தேர்வை எழுதிவிட்டு, பிளாக் பிளேஸ்மென்ட் எனப்படும் ஒரு மாதக் கடைசிக் களப்பணிக்காக வருகிறவர்கள். தூத்துக்குடியில் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களிடையே வேலை செய்யும் சிறிய தொண்டு நிறுவனம் எங்களுடையது. களத்தில் அவர்களுக்கு வழிகாட்டுவதும், முடிவில் அறிக்கையில் கையெழுத்துப் போடுவதும் என் வேலை.

சென்ற ஆண்டு வந்த ஒரு மாணவி முள்ளக்காட்டுப் பக்கத்து அளங்களில் இருபது நாள் பெண்களோடு இருந்தாள். அவர்களோடு விடியும் முன்பே கிளம்பினாள், வெயில் ஏறும் வரை நின்றாள். வேலை நேரத்தில் அந்தப் பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை என்பதையும், பலருக்குச் சிறுநீர்த் தொற்று இருப்பதையும் கவனித்தாள். ஏன் என்று கேட்டாள். அந்த அளங்களில் கழிப்பறை கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் பாத்தியும் அம்பாரமும்தான், ஒதுங்க ஒரு செடி மறைவுகூட இல்லை. இதை அப்படியே எழுதினாள். கூடவே அளம் யாருடையது, கணக்குப் பார்ப்பவர் யார், பாத்தியில் இறங்கி உப்பு வாருகிறவர்கள் யார் என்று ஒவ்வொருவரின் சாதியையும் குறிப்பிட்டு ஒரு பக்கம் எழுதியிருந்தாள். நான் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

கல்லூரியிலிருந்து அறிக்கை திரும்பி வந்தது. சாதி பற்றிய பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு. 'பிரச்சினைக்கான காரணம்' என்ற இடத்தில் பென்சிலால் 'சுகாதார விழிப்புணர்வு இன்மை' என்று எழுதியிருந்தது. வாய்மொழித் தேர்வுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. "அக்கா, மார்க்கு போயிருமோன்னு பயமா இருக்கு. மாத்திரட்டுமா?" என்று போனில் கேட்டாள். "மாத்திரும்மா" என்றேன். திருத்திய அறிக்கையிலும் என் கையெழுத்துத்தான் இருக்கிறது. ஒரு வருடமாக அது உறுத்திக்கொண்டே இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

சமூகப்பணித் துறைக்குச் சாதியே தெரியாது என்று நான் சொல்லவில்லை. தனிநபர் ஆய்வுப் படிவத்தைப் பாருங்கள். பெயர், வயது, மதம் என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, அடுத்த கட்டத்தில் சாதியைக் கேட்கும். ஆனால் அதெல்லாம் 'பயனாளி'க்கு. நிலம் யாரிடம் இருக்கிறது, கூலியை யார் நிர்ணயிக்கிறார்கள், களப்பணி நிறுவனத்தின் இயக்குநர் எந்தச் சாதி என்று கேட்கும் கட்டம் எந்தப் படிவத்திலும் நான் கண்டதில்லை. ரத்த வகை போல, சாதி ஏழைகளின் உடம்பில் மட்டும் ஓடுகிற ஒன்றாகப் பதிவாகிறது.

மருத்துவச் சமூகப்பணி படிக்கிறவர்களிடமும் இதே பழக்கம்தான். 1961க்குப் பிறகு இந்தக் கரையில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை, சங்கு குளிப்பு நடக்கிறது. திரேஸ்புரத்து ஆட்கள் கம்ப்ரசர் காற்றைக் குழாயில் இழுத்துக்கொண்டு ஆழத்துக்குப் போகிறார்கள். அவசரமாக மேலே வந்தால் கைகால் விழுந்துவிடும் ஆபத்து உண்டு. அப்படிக் கால் விழுந்த ஒருவரைப் பற்றி ஒரு மாணவர் எழுதிய குறிப்பைப் படித்தேன். குடிப்பழக்கம் பற்றி அரைப் பக்கம், கம்ப்ரசரைப் பற்றி ஒரு வரி இல்லை.

1932 நவம்பரில், மூன்றாம் வட்டமேசை மாநாட்டுக்கு லண்டன் போகும் கப்பலில் இருந்து அண்ணல் அம்பேத்கர் ஏ.வி. தக்கருக்கு ஒரு கடிதம் எழுதினார். பூனா ஒப்பந்தத்தை ஒட்டித் தொடங்கப்பட்டு, பின்னர் ஹரிஜன் சேவக் சங்கம் என்று பெயர் மாறிய தீண்டாமை எதிர்ப்புக் கழகத்தின் செயலாளர் தக்கர். ஒரு மனிதனின் துன்பத்துக்கு அவனுடைய ஒழுக்கக் குறைவே காரணம் என்று நம்பினால் மதுவிலக்கு, உடற்பயிற்சிக் கூடம், நூலகம் என்று வேலைத்திட்டம் போகும். அவனைச் சுற்றியுள்ள சமூகச் சூழல்தான் காரணம் என்று கண்டால் வேலைத்திட்டம் முற்றிலும் வேறாக இருக்கும். இந்தப் பிரிவினையைச் சொல்லிவிட்டு, பொதுக் கிணறு, பள்ளிக்கூடம், சாவடி ஆகியவற்றில் உரிமையை நிலைநாட்டப் போராடுங்கள், மோதல் வந்தாலும் பின்வாங்காதீர்கள் என்று கேட்டார். கடிதம் கிடைத்தது என்ற பதில்கூட வரவில்லை என்று பின்னாளில் அவரே எழுதினார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1936இல், இந்தியாவின் முதல் சமூகப்பணிப் பள்ளி பம்பாயில் தொடங்கியது. அந்தக் கடிதத்தை வகுப்பில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. படிப்பை முடித்து வெகுநாள் கழித்துத்தான் படித்தேன்.

அடுத்து, யாரை எங்கே அனுப்புகிறார்கள் என்ற கேள்வி. மனிதவளம் எடுத்தவர்கள் துறைமுகத்தை ஒட்டிய கம்பெனிகளுக்குப் போகிறார்கள். 500 அல்லது அதற்கு மேல் தொழிலாளர் இருந்தால் நல அலுவலர் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது, அதனால் அங்கே வேலைக்கு வழி இருந்தது. சென்னை, பெங்களூரு மருத்துவமனைகளுக்குப் போவது விடுதிச் செலவைத் தாங்கும் வீட்டுப் பிள்ளைகள். நான் பார்த்தவரை இந்த ஒரு மாதத்துக்கு உதவித்தொகை என்று எதுவும் கிடையாது. பஸ் காசுகூடக் கைக்காசுதான். மிச்சமிருக்கும் கிராமங்களும் காலனிகளும் முதல் தலைமுறையாகப் படிக்க வந்த தலித் பிள்ளைகளுக்கு. நான் பெங்களூரில் ஒரு மனநல மருத்துவமனை கேட்டேன். "உங்க ஆளுக மத்தியிலேன்னா உனக்கு ஈசியா இருக்குமேம்மா" என்றார் ஆசிரியர். அளத்துக்காரர் மகள் அளத்துக்கே வந்து சேர்ந்தேன். இந்த வேலையில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அது நான் தேர்ந்தெடுத்தது அல்ல. அம்பேத்கரும் அந்தக் கடிதத்தில் ஒடுக்கப்பட்ட மக்களிலிருந்தே ஊழியர்களை எடுங்கள் என்றுதான் கேட்டார். பணமும் அதிகாரமும் உள்ள ஓர் அமைப்பில் எங்களுக்கு இடம் கேட்டது அது. எங்களைக் காலனியிலேயே நிறுத்திவைப்பதற்கு அதைச் சாக்காக்க முடியாது.

ஊருக்குள் யாரை அனுப்புகிறோம்? 2023 செப்டம்பரில் எட்டயபுரம் அருகே உசிலம்பட்டிப் பள்ளியில் தலித் பெண் சமைத்தார் என்பதற்காகப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளைக் காலை உணவு சாப்பிட விடவில்லை. நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழியும் அமைச்சர் கீதா ஜீவனும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள், செய்தியானது. கார்கள் திரும்பிய பிறகு அந்தப் பெற்றோரிடம் மாதக்கணக்கில் பேச ஆள் வேண்டாமா? சமூகப்பணி என்றால் அதுதானே! ஆதிக்கச் சாதி மாணவர்களை அவரவர் தெருவுக்கே ஒரு மாதம் அனுப்பிப் பாருங்கள். அங்கே யாருக்கு விழிப்புணர்வு இல்லை என்று எழுதட்டும். நாங்குநேரிக் கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் பள்ளிகளுக்கு நல அலுவலர் வேண்டும் என்று பரிந்துரைத்திருக்கிறது. அந்த வேலைக்குத் தயாரான பட்டதாரி எங்கிருந்து வருவார்?

2020 ஜூலையில் கீழச் செக்காரக்குடியில் கழிவுநீர்த் தொட்டிக்குள் நான்கு பேர் செத்தார்கள். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் வந்து அப்போது ஏழு ஆண்டு. இத்தகைய சாவுகளுக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது. பணம் குடும்பத்தின் கைக்கு வரும் வரை தாலுகா அலுவலகத்துக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் கோப்பின் பின்னாலேயே அலைவது ஒரு மாதக் களப்பணிக்குப் போதாதா? வன்கொடுமைத் தடுப்புச் சட்ட விதிகளின்படி மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூடவேண்டும். கூடியதா, என்ன முடிவானது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி எழுத ஒரு மாணவர் போதும். களப்பணியிலிருந்து பெரிய காரியம் பிறக்காது என்று யாரும் சொல்லவேண்டாம். 1098 குழந்தைகள் உதவி எண், பம்பாயில் தொடங்கிய அந்தப் பள்ளியின், இன்றைய டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின், களத் திட்டமாக 1996இல் தொடங்கியதுதான். தலித், பழங்குடியினர் சமூகப்பணியைத் தனிப் பாடப்பிரிவாகவே அங்கே நடத்தியிருக்கிறார்கள்.

இந்த ஆண்டு இரண்டு பேர் வருவதாகக் கடிதம் வந்திருக்கிறது. பதில் எழுதிவிட்டேன். பயணப்படியைக் கல்லூரி கொடுக்கவேண்டும். சாதி பற்றிய கட்டம் எங்கள் இயக்குநர் வரைக்கும் எல்லோருக்கும் நிரப்பப்படும். காரணம் என்ற பகுதியைத் திருத்தினால் என் கையெழுத்து கிடையாது. இதற்காக அடுத்த ஆண்டிலிருந்து எங்களிடம் மாணவர்களை அனுப்பாமல் விடலாம், அதற்கும் தயாராகத்தான் இருக்கிறேன்.

அந்த மாணவி இப்போது ஒரு நுண்கடன் நிறுவனத்தில் வசூல் வேலை பார்க்கிறாள். வாரத் தவணை வாங்க அதே முள்ளக்காட்டுப் பெண்களிடம்தான் போகிறாள். கோடு போட்ட அந்தப் பக்கம் என்னிடம்தான் இருக்கிறது. வரப்போகும் பிள்ளைகளுக்குப் படிக்கக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். "என் பேர மட்டும் மறைச்சிருங்க அக்கா" என்றாள்.