ஆடித் தோற்கவாவது விட்டிருக்கலாமே!

தோற்று வெளியேறியிருந்தால் மனம் ஆறியிருக்கும். ஆடவே விடாமல் அனுப்பிவிட்டார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

2022 ஜனவரி 23. நவி மும்பையில் மகளிர் ஆசியக் கோப்பை. சீன தைபேயுடன் நம் பெண்கள் மோத வேண்டிய நாள். அணியில் பத்துக்கும் மேற்பட்டோருக்குக் கொரோனா. பதின்மூன்று பேரைக்கூடத் திரட்ட முடியவில்லை. ஆகவே இந்தியா போட்டியிலிருந்து விலகியதாகக் கருதப்படும் என்றது ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு. ஐயா, யார் விலகினார்கள்? காய்ச்சலில் கிடந்த பிள்ளைகளா?

இவர்கள் வெளியே ஊர் சுற்றி நோயை வாங்கி வரவில்லை. கூட்டமைப்பு வகுத்த பயோ-பபுள் என்ற பாதுகாப்பு வளையத்துக்குள்தான் அடைந்து கிடந்தார்கள். தங்கியிருந்த ஹோட்டலின் ஊழியர்களுக்கே தொற்று இருந்தது என்று பயிற்சியாளர் தாமஸ் டென்னர்பி கொதித்துப்போய்ச் சொன்னார். காவல் காத்தவர்களின் ஓட்டைக்குத் தண்டனை உள்ளே இருந்தவர்களுக்கா?

பதின்மூன்று பேர் இல்லாவிட்டால் வெளியே என்ற அந்த விதி எவ்வளவு கொடியது என்பது கூட்டமைப்புக்குத் தெரியாததல்ல. 2020-இல் நடப்புச் சாம்பியனான சவூதியின் அல் ஹிலால் கிளப்பை இதே பதின்மூன்று பேர் கணக்கில்தான் ஆசியச் சாம்பியன்ஸ் லீக்கிலிருந்து வெளியேற்றினார்கள். பதினோரு பேர் தயாராக நின்றும் விடவில்லை. அப்போதே அதைத் திருத்தியிருக்க வேண்டாமா? தொற்று காலத்துப் போட்டிக்கு இரண்டு நாள் கூடுதலாக ஒதுக்கியிருக்கக் கூடாதா?

எத்தனை வருடக் காத்திருப்பு! 1980-இலும் 1983-இலும் இறுதிப் போட்டி வரை போன நாடு, 2003-க்குப் பிறகு அதுவரை இந்தக் கோப்பையில் கால் வைத்திருக்கவே இல்லை. 2021 நவம்பரில் மனாஸ் நகரில் பிரேசிலுக்கு எதிராக மனிஷா கல்யாண் கோல் அடித்தபோது உடம்பு சிலிர்த்தது. தோல்விதான், 1-6. இருந்தாலும் பிரேசில் வலைக்குள் நம் பெண் பந்தைத் தள்ளினாளே! கடலூர் இந்துமதியும் சந்தியாவும் மாரியம்மாளும் 2022 ஆசியக் கோப்பை அணியில் இருந்தார்கள். காலிறுதிக்குள் நுழைந்தாலே 2023 உலகக் கோப்பைக்கு ஒரு வழி பிறந்திருக்கும். ஈரானுடன் முதல் ஆட்டம் 0-0. நழுவிய வாய்ப்புகளை எண்ணி மறுகினோம், இன்னும் இரண்டு ஆட்டம் இருக்கிறதே என்று தேற்றிக்கொண்டோம். கடைசியில் அந்த 90 நிமிட வேர்வையும் செல்லாது என்று அழித்துவிட்டார்கள். குடியரசு நாளில் சீனாவைச் சந்திக்க வேண்டியவர்கள், சொந்த நாட்டில் நடந்த போட்டிக்கு அந்நியர்களானார்கள்.

2025 ஜூலையில் தாய்லாந்தை அவர்கள் மண்ணிலேயே 2-1 என வீழ்த்தி, தகுதிச் சுற்று வழியாகவே ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தது நம் அணி. கண் கலங்கக் கொண்டாடினோம். அதனால் பழைய கணக்குத் தீர்ந்துவிடுமா? அதே மாதம் கோல்கீப்பர் அதிதி சவுகான் ஓய்வை அறிவித்தார். 2022 அணியில் இருந்தவர் அவர். சொந்த மண்ணில் நின்று உலகக் கோப்பையை எட்டிப் பிடிக்க அவருக்குக் கிடைத்தது அந்த ஒரு வாய்ப்புதான். அதைப் பறித்தவர்கள் அவருக்கு என்ன பதில் சொல்வார்கள்?