அந்தப் பிள்ளையும் எங்கள் பேச்சும்

2025 ஆகஸ்டில் லிவர்பூலில் நடந்த பிரித்தானிய சதுரங்கச் சம்பியன்ஷிப்பில், சிறுமி போதனா சிவானந்தன் 60 வயதுக் கிராண்ட்மாஸ்டர் பீற்றர் வெல்ஸை வென்றாள். அப்போது அவளுக்கு 10 வயதும் 5 மாதமும். அதுவரை இவ்வளவு சிறிய வயதில் ஒரு கிராண்ட்மாஸ்டரை வென்ற பெண்பிள்ளை உலகில் இல்லை. 2014இல் அமெரிக்காவின் கரிசா யிப் வென்றபோது வயது 10ம் 11 மாதமும்.

செய்தி வந்ததும் எங்கள் ரெலிபோன்கள் ஓயவில்லை. "எங்கடை பிள்ளை!" என்றோம். தாய் தகப்பன் திருச்சி, பிள்ளை வளர்வது லண்டன் ஹரோவில், ஆடுவது இங்கிலாந்துக்காக. என்றாலும் தமிழ்ப்பிள்ளை வென்றால் எங்களுக்கும் சந்தோசந்தான். ஆனால் பேச்சு அதோடு நிற்பதில்லையே. "அந்தப் பிள்ளையைப் பார், நீயும் இருக்கிறியே!" என்று வீட்டுப்பிள்ளையின் தலையில் போய் விழுகிறது.

போதனா தொடங்கிய விதம் வேறு. 2020, கொரோனா முடக்கம், ஐந்து வயது. இந்தியாவுக்குத் திரும்பிய தகப்பனின் நண்பர் கொடுத்துவிட்டுப் போன சாமான்களுக்குள் ஒரு சதுரங்கப் பலகை. காய்களை விளையாட்டுச் சாமானாக எடுக்கத்தான் ஆசைப்பட்டாள். இதை ஆடலாம் என்று தகப்பன் சொன்னார். அந்தக் குடும்பத்தில் வேறு சதுரங்கக்காரர் இல்லை.

இரவுவேலை, ஓவர்ரைம் என்று ஓடும் எங்களுக்குப் பிள்ளைகளோடு இருக்கக் கிடைப்பதே கொஞ்ச நேரம். அதுவும் ஒப்பிட்டுப் பேசுவதிலா போகவேண்டும்? சதுரங்கமோ தாயமோ, ஞாயிற்றுக்கிழமை அரை மணித்தியாலம் பிள்ளைக்கு முன்னால் இருப்போம். தோற்றாலும் குறைந்துவிட மாட்டோம்.