ஏரிக்கரை வீடும் நேசமணி வேலையும்

சனிக்கிழமை எங்கே போகிறீர்கள் என்று ஆபீசில் யாராவது கேட்டால், "பெயிண்ட் அடிக்கப் போறேன்" என்று சொல்வதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. கூச்சமெல்லாம் அம்பாசமுத்திரத்தில் இருக்கும் எங்கள் சொந்தக்காரர்களுக்குத்தான்.

"எலே, பூனாவுல ஐடி கம்பெனியில மேனேஜரு, லீவு நாள்ல ஏணி மேல நின்னு செவருக்குப் பெயிண்ட் அடிக்கான்னு வெளிய சொல்ல முடியுமாலே? ஒரு ஆளு வைக்க வக்கில்லையா ஒனக்கு?" இது சித்தப்பா. குடும்ப வாட்ஸப் குரூப்பில் என் பெயரே இப்போது காண்ட்ராக்டர் நேசமணிதான். 2001இல் வந்த ஃப்ரெண்ட்ஸ் படத்து வடிவேலு 2019 மே மாதம் உலகம் பூராவும் டிரெண்ட் ஆனாரே, அதே நேசமணி. எங்கள் தலைமுறை ஐடி ஆட்கள் ஆபீஸ் வேலையை "ஆணி" என்று சொல்ல ஆரம்பித்ததும் அந்தப் படத்தால்தான். வாரத்தில் ஐந்து நாள் ஹிஞ்சவாடியில் பிடுங்குவது அந்த ஆணி, மிச்ச இரண்டு நாள் முள்ஷியில் பிடுங்குவது நிஜ ஆணி. என்ன, இந்த இரண்டாவது ஆணியைப் பிடுங்கினால் சுவரில் ஒரு ஓட்டை தெரிகிறது. பட்டி வைத்து அடைத்தால் வேலை முடிந்தது. முதல் வகைக்கு அந்தப் பாக்கியம் கிடையாது.

வீட்டைப் பற்றிக் கொஞ்சம். புனேயில் இருந்து பௌட் ரோட்டில் பிரங்குட் தாண்டி தாம்ஹிணி காட் போகிற வழியில் முள்ஷி ஏரி. அதன் கரைக்குக் கொஞ்சம் மேலே, பத்துப் பதினைந்து வருஷம் முன்பு ஆரம்பித்துப் பாதியில் நின்றுபோன சின்ன வீடுகள் வரிசையாக இருக்கின்றன. அதில் ஒன்று, 550 சதுர அடி. கூரையும் பூச்சும் இருந்தது. தரை இல்லை, ஜன்னல் கதவு பாதி இல்லை. முதலில் வாங்கியவருக்கு அலுத்துவிட்டது, கட்டியவர் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். அந்தச் சலிப்பின் விலையில்தான் 2022இல் எங்களுக்குக் கிடைத்தது. இங்கே வாங்க நினைக்கிற நம்மவர்களுக்கு ஒன்று: மகாராஷ்டிராவில் 1948ஆம் வருஷத்துச் சட்டப்படி, விவசாயி அல்லாதவர் கலெக்டர் அனுமதி இல்லாமல் விவசாய நிலம் வாங்க முடியாது. நம் ஊர் பட்டா, சிட்டா மாதிரி இங்கே "ஸாத்பாரா" என்று ஒரு தாள். அதை மராத்தி படிக்கத் தெரிந்த வக்கீலிடம் காட்டாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். எங்களுடையது விவசாயம் அல்லாத மனையாக மாற்றப்பட்டது என்பதைப் பார்த்த பிறகுதான் தங்கமணி செக்கில் கையெழுத்துப் போட்டாள்.

சரி, வேலைக்கு வருவோம். புனே நகரத்தில் வருஷத்துக்கு 700 மில்லிமீட்டரை ஒட்டி மழை. அங்கிருந்து ஐம்பது அறுபது கிலோமீட்டர் மேற்கே தாம்ஹிணியில் அதைப்போல ஏழெட்டு மடங்கு கொட்டும். நம் ஊர்ச் சுவருக்கு வெயில் எதிரி, இந்த ஊர்ச் சுவருக்குத் தண்ணீர். ஜூனில் இருந்து அக்டோபர் ஆரம்பம் வரை தூரிகையைத் தொட முடியாது. மழை விட்ட உடனேயும் தொடக் கூடாது. சுவர் தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், உள்ளே ஈரம் குடித்துக்கொண்டு நிற்கும். இரண்டடிக்கு இரண்டடி பிளாஸ்டிக் தாள் ஒன்றை நாலு ஓரமும் டேப் போட்டு சுவரில் ஒட்டிவிட்டு ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தால் டப்பாவைத் திறக்காதீர்கள். அவசரப்பட்டு அடித்தால் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து, புதுப் பெயிண்ட் தோல் உரிகிற மாதிரி உரியும். அந்த உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவுவதும் வீண். தண்ணீரோடு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்துக் கொட்டி அள்ள வேண்டும்.

அதனால் நிஜமாகப் பெயிண்ட் அடிக்கிற வாரங்கள் வருஷத்தில் நவம்பரில் தொடங்கி மே வரைதான். 2025இல் அதிலும் மண். மே மாதமே மழை பிடித்துக்கொண்டது, 26ஆம் தேதி பருவமழை மும்பைக்கு வந்தேவிட்டது. பதிவான கணக்கிலேயே மிகச் சீக்கிரம் என்றார்கள். எங்கள் தென்புறச் சுவர் ஒற்றைக் கோட்டோடு அந்த மழை முழுவதையும் வாங்கிக்கொண்டது.

உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுதான் இந்த வேலையில் முக்கால்வாசி. பட்டி பார்த்து, காயவிட்டு, தேய்த்து, மறுபடி பட்டி பார்த்து, மறுபடி தேய்த்து, தூசி துடைத்து, பிரைமர் அடித்து... கலர் என்பது கடைசியில் வருகிற கல்யாணச் சாப்பாடு மாதிரி. ஒரு லிட்டர் எமல்ஷன் ஒரு கோட்டுக்கு 100, 120 சதுர அடி வரும் என்று வைத்துக் கணக்குப் போட்டால் பெரிதாகத் தப்பாது. புதுப் பூச்சென்றால் நாலு வாரமாவது ஆறவிட வேண்டும், ஜன்னல் கம்பிக்கு ரெட் ஆக்சைடு அடிக்காமல் எனாமல் அடிப்பது காசைக் கரியாக்குவது. இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். தெரியாத ஒன்று ஈயம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இங்கே நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய எனாமல் பூசிய கதவு, ஜன்னல் என்றால், குறிப்பாக மஞ்சள், சிவப்பு, பச்சை என்றால், காய்ந்த உப்புத்தாள் போட்டுப் புழுதி கிளப்பாதீர்கள். தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற தாள் கிடைக்கிறது. பிள்ளைகளை அந்த அறைக்குப் பக்கமே விடாதீர்கள். எங்கள் வீட்டில் இருந்த இரண்டு பழைய பச்சைக் கதவுகளை மட்டும் நான் முகமூடி போட்டுக்கொண்டு வெளியே வைத்துத்தான் செய்தேன். அந்த வாரம் பிள்ளைகள் புனேயிலேயே இருந்தார்கள்.

இப்போது சித்தப்பாவுக்குப் பதில். எங்கள் ஊரில் என் ஆச்சி பொங்கலுக்குப் பத்து நாள் முன்னால் சுண்ணாம்பைத் தொட்டியில் போட்டுத் தாளித்து, நீலம் கலந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே வீட்டுக்கு வெள்ளையடித்தவள். சித்தப்பா அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவர்தான். நடுவில் என்ன நடந்தது? வசதி வந்தது. வசதி வந்ததும் நாம் முதலில் கைகழுவியது கைவேலையை. சுவரைத் தொடுகிறவன் ஒருத்தன், சாக்கடையைத் தொடுகிறவன் இன்னொருத்தன், மண்ணைத் தொடுகிறவன் வேறொருத்தன் என்று பிரித்து வைத்த பழைய புத்தி, டிகிரி வாங்கிய பிறகு நமக்குள் இன்னும் கெட்டியாகிவிட்டது. "ஆளு வைக்க வக்கில்லையா" என்ற கேள்வியில் இருப்பது காசு பற்றிய கவலை இல்லை. அது என்ன கவலை என்று சித்தப்பாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இதே கேள்வியை வேறு பக்கத்தில் இருந்து கேட்கிறவர்கள் புனே நண்பர்கள். "நீங்க அடிச்சா, ஒரு பெயிண்டரோட கூலி போச்சே சார்?" இது நியாயமான கேள்வி, இதற்கு எனக்கு முழுப் பதில் இல்லை. உயரத்துச் சுவர், ஓடு மாற்றுவது, கரண்ட், பிளம்பிங் இதெல்லாம் பக்கத்துக் கிராமத்து ஆட்கள்தான் செய்தார்கள், கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்தோம். உள்சுவர் என் கைக்கு. ஆனால் நான் ரோலர் பிடித்த பிறகுதான் ஒரு நாள் கூலி என்பது எத்தனை சதுர அடி தோள்வலி என்று புரிந்தது. அதற்குப் பிறகு பேரம் பேச வாய் வரவில்லை. ஆள் வைத்து மட்டுமே வீடு கட்டியவர்கள்தான் "இதுக்கா இவ்ளோ?" என்று சத்தமாகக் கேட்கிறார்கள், நான் பார்த்தவரைக்கும்.

பையனுக்கு 14 வயது. முதல் மாதம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான். இப்போது ஜன்னல் ஓரத்தில் டேப் ஒட்டாமல் நேர்கோடு இழுக்கிறான், எனக்கு வராது. மராத்தியும் பள்ளிக்கூடத்தில் வந்ததைவிட ஹார்ட்வேர் கடைக்காரரிடமும் ஓடு மாற்ற வந்த தாதாவிடமும்தான் அதிகம் வந்திருக்கிறது.

ஏரி என்று எழுதிக்கொண்டே போகிறேன், அதைத் திருத்திவிட வேண்டும். இது நம் ஊர் மாதிரி ஆயக்கட்டு உள்ள ஏரி இல்லை. 1920களில் மும்பைக்கு மின்சாரம் எடுக்க டாடா கம்பெனி முளா நதிக்குக் குறுக்கே கட்டிய அணையின் தேக்கம். தண்ணீர் மேற்கே மலையிறங்கி பீரா மின்நிலையத்துக்குப் போகிறது. 1921இல் இங்கே நிலம் பறிபோன விவசாயிகள் சத்தியாகிரகம் செய்தார்கள். தலைமை தாங்கிய பாண்டுரங்க பாபட்டுக்கு "சேனாபதி" என்ற பெயர் கிடைத்ததே அந்தப் போராட்டத்தில்தான். ஆனாலும் அணை எழும்பியது, கிராமங்கள் முழுகின. மே மாதம் தண்ணீர் வற்றி, கரையைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் ஒரு பட்டை தெரியும்போது, எங்களுக்குப் பால் கொடுக்கிற காகா கையை நீட்டி "அந்தப் பக்கம்தான் எங்க தாத்தாவோட வயல்" என்பார். கோபமாகச் சொல்ல மாட்டார். பஸ் ஸ்டாப் காட்டுகிற மாதிரிதான் சொல்வார்.

இதைக் கேட்ட பிறகும் "லேக் வியூ" என்று போர்டு மாட்ட எனக்கு மனசில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி ஸ்பீக்கரோடு வந்து இறங்குகிறவர்களைப் பார்த்து முகம் சுளிக்கிறோம், நல்லது. ஆனால் நாமும் வெளியாட்கள்தான். குறைந்தபட்சம் செப்டிக் டேங்க்கை ஒழுங்காகக் கட்டி, டர்பன்டைனையும் பிரஷ் கழுவின தண்ணீரையும் ஏரிப் பக்கம் ஊற்றாமல் இருக்கலாம். எங்கள் வரிசையில் மூன்று வீடுகளின் கழிவுநீர் நேராகச் சரிவில் இறங்குகிறது. சொன்னால், "எல்லாரும் அப்படித்தானே சார்" என்கிறார்கள், அதில் ஒருவர் நம் தமிழர். அவரோடு எனக்கு இப்போது பேச்சுவார்த்தை இல்லை.

கடைசியாக, எங்கள் வீட்டில் நிஜமாகவே சண்டை நடக்கிற விஷயம். அம்பாசமுத்திரத்தில் அப்பா கட்டிய வீடு ஆறு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. அண்ணன் அபுதாபியில், நான் புனேயில், தங்கச்சி அதே ஊரில் நாலு தெரு தள்ளி வாடகை வீட்டில். பாகப்பிரிவினை ஆகவில்லை, அதனால் யாரும் உள்ளே போகக் கூடாதாம். "ரிட்டையர் ஆனதும் ஊருக்குப் போயிடலாம்லா, அதுவரைக்கும் இருக்கட்டும்" என்கிறார் அண்ணன். இந்த "ஊருக்குப் போயிடலாம்" என்ற வசனத்தை வெளியூர்த் தமிழ்க் குடும்பங்கள் எல்லாவற்றிலும் கேட்கிறேன். அந்த நம்பிக்கையிலேயே இருக்கிற இடத்தில் ஒரு செடி வைக்காமல் இருபது வருஷம் ஓட்டியவர்களைத் தெரியும். ஊரில் வீடு கரையான் அரிக்கும், இங்கே வாடகை வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது என்று காலண்டரை டேப் போட்டு ஒட்டியிருப்பார்கள். என் பிள்ளைகளுக்கு ஊர் என்றால் ரயிலில் ஒரு முழு நாளுக்கு மேல் போய், கோயில் கொடைக்கு மூன்று நாள் தங்குகிற இடம். அதை நான் குறைத்துப் பேசவில்லை, எனக்கு அது உயிர். ஆனால் என் பாசத்துக்குச் சாட்சியாக ஒரு வீட்டைப் பூட்டிவைத்து, தங்கச்சியை மாதாமாதம் வாடகை கட்ட வைப்பது என்ன கணக்கு?

என் பங்கைத் தங்கச்சி பேருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று தங்கமணியும் நானும் முடிவு செய்துவிட்டோம். குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைத்தாள் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு, பெரிய செலவில்லை. அண்ணனுக்குக் கோபம். "ஏரிக்கரையில பங்களா வாங்கிட்ட, ஒனக்கென்ன!" என்றார். 550 சதுர அடி பங்களா! ஆனால் அவர் சொன்னதில் உள்ளே ஒரு பயம் இருப்பது எனக்குக் கேட்கிறது. நான் கையெழுத்துப் போட்டுவிட்டால், திரும்பிப் போகப் போவதில்லை என்பது எனக்கு மட்டுமல்ல, அவருக்கும் முடிவான மாதிரி ஆகிவிடும்.

இந்தத் தீபாவளி லீவுக்கு அண்ணனும் மதினியும் புனே வருகிறார்கள். அதற்குள் தென்புறச் சுவரின் ஒற்றைக் கோட்டைச் சுரண்டி முடித்திருப்பேன், சுவரும் காய்ந்திருக்கும். புது ரோலர் ஒன்று அவருக்காக வாங்கி வைத்திருக்கிறேன். பத்திரத்து வரைவும் அதே அலமாரியில்தான் இருக்கிறது. முதலில் எதை எடுத்து நீட்டுவது என்பதில் எனக்கும் தங்கமணிக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை.