மேஜையில் வாழாத ரோஜா

சென்ற வாரம் ஒரு சகோதரியிடமிருந்து நமக்குக் கடிதம் வந்தது. செடி கொடிகளைப் பற்றிச் சந்தேகம் கேட்டு வாராவாரம் வருகின்ற கடிதங்களில் இதுவும் ஒன்று என்று எண்ணியே பிரித்தோம். படித்து முடித்தபோது, அதில் செடியைக் காட்டிலும் பெரிய விஷயம் ஒன்று இருப்பதைக் கண்டோம்.

அந்தச் சகோதரி பூத்துக் குலுங்கிய ஆறு 'டேபிள் ரோஸ்' தொட்டிகளை வாங்கி வந்தாராம். பெயரே மேஜை ரோஜாவாயிற்றே என்று, கூடத்தில் ஜன்னலோரமாக ஒரு மேஜையின் மேல் அவற்றை வரிசையாக வைத்தாராம். காலையில் ஒரு செம்பு, மாலையில் ஒரு செம்பு ஜலம் தவறாமல் ஊற்றினாராம். மறுநாளே பூ நின்றது. ஒரு வாரத்தில் தண்டு வெளிறி நீண்டது. பதினைந்தாம் நாள் அடித்தண்டு கூழாகிச் செடிகள் சாய்ந்துவிட்டன. "உனக்குக் கைராசி இல்லை, நீ தொட்டது துளிர்க்காது" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். வேடிக்கையாகத்தான் சொன்னார்களாம். ஆனாலும் கடிதத்தின் கடைசி வரி, "நான் இனிமேல் செடி வளர்க்கலாமா, கூடாதா என்பதை மட்டும் எழுதவும்" என்று இருந்தது.

வளர்க்கலாம், அம்மணி! கைராசி என்பதாக ஒன்று இல்லை. செடிக்கு வேண்டியது இன்னதென்று தெரிந்திருப்பது ஒன்று, தெரியாதிருப்பது ஒன்று, அவ்வளவுதான். தங்கள் செடிகள் ராசிக் குறைவால் சாகவில்லை. உபசாரம் மிகுதியாகிச் செத்தன.

முதற் குற்றவாளி அந்தப் பெயர். டேபிள் ரோஸ் என்பது ரோஜாவும் அன்று. மேஜையில் இருக்கத் தக்கதும் அன்று. ரோஜாவின் சிவப்புக்கும் இதன் சிவப்புக்குங்கூட ரசாயன முறையில் உறவு கிடையாது. இதன் நிறம் பீட்ரூட்டின் சிவப்பைச் சேர்ந்தது. நம் பாட்டிமார் இதற்கு வைத்த பெயரோ பத்துமணிப் பூ. இதைப் போல் பொருத்தமான பெயர் வேறில்லை. மலையாளத்திலும் இதே பெயர்தான். கடல் கடந்து வியட்நாம் தேசத்திலும் அந்நாட்டு மொழியில் 'பத்து மணிப் பூ' என்றே சொல்கிறார்கள். ஹிந்தி பேசுகிறவர்கள் ஒன்பது மணி என்கிறார்கள். அங்கே ஒரு மணி முன்னதாகவே விழித்துக்கொள்கிறது போலும்! எந்த மொழியிலும் பெயர் சொல்லும் சேதி ஒன்றுதான்: வெயில் ஏறினால் நான் விரிவேன். வெயில் ஏறாத கூடத்தில் அது விரியாதது யாருடைய பிழை?

இதன் பூர்வீகம் தென் அமெரிக்கா. அர்ஜென்டீனாவில் ஆண்டிஸ் மலையடிவாரத்தில் மெண்டோசா என்றொரு நகரம் உண்டு. அதைச் சுற்றிய மணற்பாங்கான வறண்ட நிலங்களில் ஜான் கில்லீஸ் என்ற ஸ்காத்லாந்து வைத்தியர் இதைக் கண்டெடுத்தார். கிளாஸ்கோவில் தாவரவியல் பேராசிரியராயிருந்த வில்லியம் ஹூக்கர் 1829 ஆம் ஆண்டில் 'போர்ச்சுலாக்கா கிராண்டிஃப்ளோரா' என்று பெயரிட்டுப் படத்துடன் வெளியிட்டார். அப்படியானால் இது அந்நியச் செடி அல்லவா என்று கேட்கும் சுதேசி அன்பர்கள் நமக்கு உண்டு. நாம் அன்றாடம் ரஸத்தில் கிள்ளிப் போடும் மிளகாயும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்ததே என்று அவர்களுக்குச் சொல்லிக்கொள்கிறோம். மேலும், இதற்கு நம் மண்ணிலே நெருங்கிய சொந்தக்காரன் ஒருவன் இருக்கிறான், அவன்தான் பருப்புக்கீரை. கூடையில் வந்தால் காசு கொடுத்து வாங்குகிறோம். தொட்டியில் தானாக முளைத்தால் களையென்று பிடுங்கி எறிகிறோம். சமையலுக்கு அந்தச் சொந்தக்காரனே போதும்; பத்துமணிச் செடியைக் கண்ணுக்கு மாத்திரம் வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் குடும்பத்தாரின் ஜலச் சிக்கனம் வியக்கத் தக்கது. பருத்த சிறு இலையும் தண்டும் ஒவ்வொன்றும் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதோடு நிற்கவில்லை. செடிகள் இலையிலுள்ள நுண்ணிய துவாரங்களைத் திறந்து காற்றை உட்கொள்ளும்போது ஈரம் வெளியேறிவிடும். சாதாரணச் செடி பகல் வெயிலிலேயே திறக்கிறது. பருப்புக்கீரையோ, ஜலம் கிடைக்கும் காலத்தில் ஒரு முறையாகவும், வறட்சி வந்தால் இரவுக் குளிர்ச்சியில் காற்றை வாங்கிச் சேமித்துக்கொண்டு பகலில் சமைக்கும் வேறொரு முறையாகவும் உணவு தயாரிக்கிறது. இவ்விரண்டு முறைகளும் ஒரே இலையின் ஒரே அணுக்களில் இணைந்து நடக்கின்றன என்று அமெரிக்காவிலுள்ள யேல் சர்வகலாசாலையார் 2022 ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். பத்துமணிச் செடிக்கும் இந்த இரட்டை வித்தை உண்டு. இப்படிப்பட்ட செடிக்குக் காலையும் மாலையும் செம்பு செம்பாக ஜலம் வார்ப்பது, ஏகாதசி விரதக்காரருக்கு இலை போட்டு விருந்து படைப்பது போலாகும்.

எப்போது ஊற்றுவது என்று கேட்டால், நாள் கணக்கு சொல்லமாட்டோம். விரலை மண்ணில் ஒரு அங்குலம் நுழைத்துப் பாருங்கள். ஈரம் தட்டினால் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுங்கள். வறண்டிருந்தால், தொட்டியின் அடித்துவாரத்தில் ஒழுகும் வரையில் ஊற்றி, மறுபடி வறளும் வரையில் மறந்துவிடுங்கள். கோடையில் சிறு தொட்டி தினமும் கேட்கலாம். மார்கழியில் வாரம் ஒரு தடவையே மிகுதியாகலாம். இலை லேசாகச் சுருங்கினால் பயமில்லை. ஊற்றிய மறுநாள் தேறிவிடும். அழுகிய வேரை மட்டும் எந்த வைத்தியராலும் தேற்ற முடியாது.

இன்னொரு சூக்ஷ்மம். கடைகளில் விற்கும் செடிகள் பெரும்பாலும் தென்னை நார்க்கழிவில் நட்டிருப்பவை. தூக்கிச் செல்ல இலேசாக இருக்கும் என்பதால் அவர்களுக்கு அது சௌகரியம். ஆனால் அது பஞ்சைப் போல ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். மேலே உலர்ந்து தோன்றினாலும் உள்ளே சொதசொதவென்றிருக்கும். வாங்கி வந்ததும் அதை மெதுவாக உதிர்த்துவிட்டு வேறு மண்ணில் மாற்றிவிடுவது நலம். பாதி பருமணல், பாதி செம்மண், ஒரு கைப்பிடி மக்கிய எரு. களிமண் ஆகாது; கடற்கரை மணலில் உப்பு இருப்பதால் அதுவும் ஆகாது. எருவை அள்ளிக் கொட்டினால் இலை கொழுக்கும், பூ குறையும். வேர் ஆழம் போகாததால் பெரிய தொட்டிக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. விளிம்பு உடைந்த மண்சட்டி, துவாரமிட்ட கொட்டாங்கச்சி, பழைய தகர டப்பா, எதுவும் போதும். நிலம் இருக்கும் பாக்கியசாலிகள் அரையடிக்கு ஒன்றாக நட்டால், சில வாரங்களில் ஜமக்காளம் விரித்தாற்போல் தரையை மூடிவிடும்.

வெயில் விஷயத்தில் சமாதானம் கிடையாது. நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழவேண்டும். வடக்குப் பார்த்த பால்கனியில் சித்திரைக் கடைசி முதல் ஆடி வரையில், சூரியன் நம் தலைக்கு வடக்கே சஞ்சரிக்கும்போது, ஓரளவு பூக்கும். மற்ற மாதங்களில் வெறும் தண்டுதான் நீளும். அத்தகைய வீட்டில் குடியிருப்போர் மொட்டைமாடியை நாடவேண்டியதே.

இனி, பணம் சம்பந்தமான ஒரு வார்த்தை. வருஷந்தோறும் பூத்த செடியைக் காசு கொடுத்து வாங்குவதும், மழை முடிந்ததும் குப்பையில் கொட்டுவதும், மறுபடி வாங்குவதுமாகப் பல வீடுகளில் நடக்கிறது. பத்துமணிச் செடியை ஆயுளில் ஒரு தடவைக்கு மேல் வாங்குவது வீண் செலவென்பது நம் அபிப்பிராயம். முதல் தடவையுங்கூட வாங்கவேண்டுமா என்பது சந்தேகமே. தெருவில் யாராவது ஒருவர் வீட்டில் இருக்கும். விரல் நீளத்துக்கு ஒரு கிளையைக் கிள்ளிக் கேட்டு வாங்குங்கள். அடி இலைகளை உருவிவிட்டு, அரை நாள் நிழலில் போட்டு, கிள்ளிய வாய் உலர்ந்ததும் மணல் கலந்த மண்ணில் ஒரு அங்குலம் நடுங்கள். பத்து நாட்களில் வேர் பிடித்துவிடும். அடுக்குப் பூ ரகங்கள் விதை கட்டுவது அரிதாகையால் அவற்றுக்கு இந்த வழியே சிறந்தது. ஒற்றைப் பூ ரகத்தில் விதைக்குப் பஞ்சமில்லை. முற்றிய காயின் மேற்பாதி குங்குமச் சிமிழின் மூடியைப் போல் தானே கழன்று விழும். உள்ளே மணலினும் நுண்ணிய விதைகள் இருக்கும். மணலோடு கலந்து தூவவேண்டும். மேலே மண் போட்டு மூடலாகாது. வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும்.

நம் வீட்டில் இருப்பவற்றில் ஒன்றுகூடக் கடைச் சரக்கு அன்று. செந்நிறம் அடுத்த வீட்டிலிருந்து வந்தது. மஞ்சள், ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் தாம்பூலப் பையில் போட்டுக்கொண்டு வந்தது. வெள்ளைக்காக இரண்டு தெரு நடந்தோம். பதிலுக்கு நம்மிடமிருந்து போன கிளைகளுக்குக் கணக்கில்லை. ஒரு பூவின் ஆயுள் ஒரு பகல்தான். ஆனாலும் காலையில் மலர்ந்த அதன் நடுவே மகரந்தத் தாள்களை ஒரு துரும்பால் தொட்டுப் பாருங்கள். தொட்ட பக்கமாகச் சாய்ந்து வரும். தேனீ வந்து இறங்கும்போதும் அப்படியே நகர்ந்து அதன் உடம்பெல்லாம் மகரந்தத்தைப் பூசி அனுப்புகின்றன. வீட்டிலுள்ள குழந்தைகளுக்கு இதைக் காட்டிவிட்டால் பிறகு ஒரு மணி நேரம் அவர்களால் தொந்தரவில்லை.

2019 ஆம் ஆண்டுக் கோடையைச் சென்னைவாசிகள் மறந்திருக்கமாட்டார்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் அநேகமாக வற்றிப்போய், வீதிதோறும் லாரித் தண்ணீருக்காகக் குடங்கள் வரிசையில் நின்ற காலம் அது. குடிக்கும் ஜலத்தை எண்ணி எண்ணிச் செலவழித்த வீட்டில் குரோட்டன்ஸுக்கு ஊற்ற யாருக்கு மனம் வரும்? அரிசி களைந்த தண்ணீரில் ஒரு டம்ளரை வைத்துக்கொண்டு பத்துமணிச் செடி அப்போதும் பூத்தது. ஜலமில்லாத வீட்டுக்கும் நிலமில்லாத வீட்டுக்கும் இது ஏற்ற செடி என்று நாம் பிடிவாதமாகச் சொல்வதற்கு அந்தக் கோடையும் ஒரு காரணம்.

இதற்குச் சத்துரு ஐப்பசி மழை. புரட்டாசி முடிவதற்குள் ஒவ்வொரு நிறத்திலும் நாலு கிளைகளைக் கிள்ளித் தனிச் சட்டியில் நட்டு, மழை படாமல் வெயில் மட்டும் படும் இறவாணத்துக்கருகே வைத்துவிட்டால், பெரிய தொட்டிகள் அழுகினாலும் வித்து தப்பும். தை பிறந்ததும் இவற்றிலிருந்து மறுபடி பெருக்கிக்கொள்ளலாம். கணுக்களில் வெள்ளையாக மாவுப்பூச்சி கண்டால் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, ஒரு லிட்டர் ஜலத்தில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளித்தால் அடங்கும். கிளைகள் நீண்டு பூ குறைந்தால் தயங்காமல் பாதியாக வெட்டிவிடலாம்; வெட்டியதையும் நட்டுக்கொள்ளலாம்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு: சாய்ந்த செடிகளை இன்னும் குப்பையில் போட்டிருக்கமாட்டீர்கள் என்று நம்புகிறோம். நுனியில் இரண்டு அங்குலமாவது பச்சையாக, விரலால் அழுத்தினால் கெட்டியாக இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அழுகலுக்கு மேலே வெட்டி, ஒரு முழு நாள் உலரவைத்து, நாம் சொன்ன மண்ணில் நட்டு, வேர் பிடித்தபின் மாடி வெயிலுக்குக் கொண்டு போங்கள். ஆறில் ஒன்று பிழைத்தாலும் போதும். அதிலிருந்து அறுபது செய்யலாம். முதல் பூ விரியும் நாளில் பத்து மணிக்குப் பெரியவர்களையும் மாடிக்கு அழைத்துச் செல்லுங்கள். அதுவரையில் அந்தச் செம்பு மாத்திரம் வீட்டில் யார் கண்ணிலும் படாமல் இருக்கட்டும்.