ஞானப்பல்லும் அரை அட்டை மாத்திரையும்

கீழ்த் தாடையில் பாதி முளைத்துச் சாய்ந்து நிற்கும் ஞானப்பல்லை எடுக்க நம் மாவட்டத்தில் ஆளில்லாமல் இல்லை. திண்டுக்கல் நகரில் மட்டுமல்ல, ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு, நத்தம் போன்ற ஊர்களிலும் நல்ல கைத்திறன் உள்ள பல் மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் பல் மருத்துவர்களான நம்மிடம் வரும் ஞானப்பல் கேஸ்களில் பல, வர வேண்டிய நேரத்தைத் தாண்டித்தான் வருகின்றன. நோயாளியின் பயத்தை மட்டும் இதற்குக் காரணம் சொல்லிவிட முடியாது. முதல் தடவை வலி என்று வந்தபோது நாம் என்ன செய்து அனுப்பினோம் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

பெரும்பாலும் நடப்பது இதுதான். ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதுகிறோம். "குறையலேன்னா வாங்க" என்கிறோம். வலி குறைந்துவிடுகிறது, அதனாலேயே அவர் வருவதில்லை. இரண்டு மூன்று மாதம் கழித்து அதே இடத்தில் மறுபடி வீக்கம். இந்தத் தடவை பழைய சீட்டை எடுத்துக்கொண்டு நேரே மெடிக்கலுக்குப் போகிறார். அதற்கடுத்த தடவை சீட்டும் தேவைப்படுவதில்லை.

வேடசந்தூர், குஜிலியம்பாறைப் பக்கத்து நூற்பாலைகளில் வேலை பார்க்கும் பெண்களிடம் இதை நன்றாகவே பார்க்கலாம். ஞானப்பல் முளைக்கும் 17 முதல் 25 வயது வரையான பருவத்தில்தான் அவர்களில் பலர் மில் விடுதியில் இருக்கிறார்கள். வாய் இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்காத நிலையில் வருகிறவரிடம் என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், பர்ஸிலிருந்து கத்தரித்த அட்டைகளை எடுத்து மேசையில் வைப்பார். ஒன்றில் மெட்ரானிடசோல் நாலு மிச்சம், இன்னொன்றில் செபிக்சிம் இரண்டு, மூன்றாவது பெயர் கிழிந்துபோன ஏதோ ஒரு வலி மாத்திரை.

"எத்தனை தடவைம்மா இப்படி வந்துச்சு?"

"நாலஞ்சு தடவை இருக்கும் சார். மாத்திரை போட்டா அமந்துரும்."

"பல்லை எடுக்கணும்னு யாரும் சொல்லலையா?"

"சொன்னாங்க சார். லீவு கிடைக்காது."

இந்தக் கடைசிப் பதிலை நாம் மருத்துவம் சாராத விஷயம் என்று தள்ளிவிடக் கூடாது. எத்தனை நாள் ஓய்வு வேண்டும், எப்போது ஷிப்டுக்குத் திரும்பலாம் என்று தெளிவாகச் சொல்லி, விடுப்புக்கான சான்றிதழை அப்போதே எழுதிக் கொடுத்து, வார விடுமுறைக்கு முந்தின நாளில் நேரம் ஒதுக்கினால் பாதித் தடை விலகிவிடும். அதைச் செய்யாமல் ஆறாவது முறையும் ஆன்டிபயாடிக் எழுதுவது வைத்தியம் ஆகாது.

இப்படித் திரும்பத் திரும்ப வரும் வீக்கம், அதாவது பெரிகொரோனைட்டிஸ், பல்லின் மேல் பாதி மூடிக் கிடக்கும் ஈறு மடலுக்கு அடியில் உணவும் கிருமியும் தங்குவதால் வருவது. மடலுக்கு அடியில் மழுங்கிய ஊசி வைத்து உப்பு நீரால் நன்றாகக் கழுவ வேண்டும். மேல் ஞானப்பல் அந்த வீங்கிய மடலைக் கடித்துக்கொண்டே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; அப்படியானால் அதைத் தேய்த்தோ எடுத்தோ விட்டாலே பலருக்கு அன்றிரவே தூக்கம் வந்துவிடும். காய்ச்சல், கழுத்தில் நெறி கட்டுதல், வாய் திறக்க முடியாமை, முகத்துக்குப் பரவும் வீக்கம் ஆகியவை இருந்தால்தான் ஆன்டிபயாடிக்குக்கு வேலை. அங்கும் அமாக்சிசிலினோ மெட்ரானிடசோலோ போதுமான இடத்தில் செபிக்சிம் எழுதும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் அதைக் கண்காணித்துப் பயன்படுத்த வேண்டிய மருந்துகளின் வரிசையில் வைத்திருக்கிறது. 2014 முதல் நம் நாட்டில் அது எச்1 அட்டவணை மருந்தும்கூட.

வீக்கம் வடியட்டும் என்று நாம் சேர்த்தெழுதும் செராசியோபெப்டிடேஸ் மாத்திரையையும் மறுபடி யோசிக்க வேண்டும். அதை ஜப்பானில் விற்றுவந்த டகேடா நிறுவனமே, வெற்று மாத்திரையைவிடக் கூடுதல் பயன் தெரியவில்லை என்ற நிலையில் 2011இல் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. இங்கே அது இன்னும் சீட்டுக்குச் சீட்டு ஏறிக்கொண்டிருக்கிறது, அதற்கும் நோயாளிதான் காசு கொடுக்கிறார். ஞானப்பல் எடுத்த பின் வரும் வலிக்கு 400 மி.கி. ஐபுபுரூஃபன் 1000 மி.கி. பாராசிட்டமாலைவிட நன்றாக வேலை செய்கிறது என்பதையும், இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் பலன் இன்னும் கூடுகிறது என்பதையும் 2013ஆம் ஆண்டுக் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு காட்டியது. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருக்கிறதா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். விலையும் மலிவு.

பல்லை எடுக்காமல் தள்ளிப்போடுவதற்கு நேர்மாறான தவறும் நகரில் கூடிவருகிறது. வேறு எதற்கோ ஓபிஜி எக்ஸ்ரே எடுத்த இருபது வயதுப் பையனுக்கு நான்கு ஞானப்பற்களையும் 'பின்னால் தொந்தரவு வரும்' என்று சொல்லி எடுத்துவிடுவது. 2000ஆம் ஆண்டில் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, நோயில்லாத ஞானப்பல்லை முன்னெச்சரிக்கையாக எடுக்கும் வழக்கத்தைக் கைவிடச் சொன்னது. பெரிகொரோனைட்டிஸ் முதல் தடவை வந்தால், அது மிகக் கடுமையாக இருந்தாலொழிய எடுக்க வேண்டாம், இரண்டாம் தடவை வந்தால் எடுக்கலாம் என்று அது வரம்பும் வகுத்தது. அந்த வழிகாட்டுதலுக்குப் பிறகு அங்கே ஞானப்பல் எடுத்துக்கொள்கிறவர்களின் சராசரி வயது 25இலிருந்து 32ஆக ஏறியது, பக்கத்துப் பல்லின் சொத்தை ஒரு காரணமாகக் கூடியது என்று பத்தாண்டு கழித்து அந்நாட்டு அறுவை மருத்துவர்களே குறை சொன்னார்கள். நோயில்லாத பல்லை எடுப்பதா விடுவதா என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றுதான் 2020இல் காக்ரேன் தொகுப்பும் முடித்தது.

ஆகவே நாம் நம் நோயாளியின் வாயிலுள்ள பல்லைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். முன்சாய்வாகப் பாதி முளைத்த பல், ஏழாம் பல்லின் பின்பக்கத்தில் முட்டிக்கொண்டு நின்றால் அந்த இடுக்கில் சொத்தை விழும். கண்ணுக்குத் தெரியும்போது நல்ல பல்லும் சேர்ந்து போயிருக்கும். அத்தகைய பல்லை வைத்துக்கொள்வதானால் குறித்த காலத்தில் படம் எடுத்துப் பார்க்க வேண்டும், அதை நோயாளியிடம் சொல்லவும் வேண்டும். முழுக்க எலும்புக்குள் புதைந்து சத்தமில்லாமல் கிடக்கும் பல்லைத் தோண்ட அவசரமில்லை. கல்யாணத்துக்கு முன் மகளைக் கூட்டிவரும் தாய்மார்கள் "ஞானப்பல் தள்ளித்தான் முன்பல் கோணிருச்சு" என்று கேட்பார்கள். அந்த நம்பிக்கைக்கு ஆய்வுகள் துணை நிற்கவில்லை. முன்பல் நேராக வேண்டும் என்பதற்காக மட்டும் ஞானப்பல்லை எடுக்காதீர்கள்.

நம் மண்ணுக்கே உரிய ஒரு ஆபத்தைச் சற்று நிதானமாகப் பேச வேண்டும். திண்டுக்கல் புகையிலை ஊர். திண்டுக்கல் சுருட்டு ஒரு காலத்தில் கடல் கடந்து போனது. மத்தியப் புகையிலை ஆராய்ச்சி நிறுவனம் வேடசந்தூரில் நிலையம் அமைத்ததும் இந்த விளைச்சலை வைத்துத்தான். இங்கே பல் வலித்தால் கிராம்பு வைப்பதைப் போலவே ஒரு துண்டுப் புகையிலையைக் கடைவாயில் ஒதுக்கிக்கொள்ளும் வழக்கம் பெரியவர்களிடம் இருக்கிறது. வெற்றிலை, பாக்கு, புகையிலை ஒதுக்கும் அந்தக் கன்னத்து மூலைக்குப் பக்கத்தில்தான் ஞானப்பல்லும் நிற்கிறது.

அதனால் "கடைசிப் பல்லு வலி, வாய் திறக்க முடியலை" என்று நாற்பது, ஐம்பது வயதுக்காரர் வந்தால் அதை ஞானப்பல் கணக்கில் உடனே எழுதிவிடாதீர்கள். வாய் திறக்காமைக்குக் குறைந்தது மூன்று காரணங்கள் நம் கண் முன்னே வரிசையாக வருகின்றன. ஒன்று பெரிகொரோனைட்டிஸால் வரும் தசை இறுக்கம். இது சில நாளில் வந்து சில நாளில் விடும். இன்னொன்று பாக்கால் வரும் சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ். 1953இல் பம்பாயில் டாக்டர் ஜோஷி விவரித்த அதே நோய். இது மாதக்கணக்கில் மெல்ல இறுகும், காரம் பட்டால் எரியும், கன்னத்தின் உள்பக்கம் வெளிறி, விரலால் தடவினால் நாண் போல நார் தட்டுப்படும். மூன்றாவது புற்றுநோய். பல்லுக்குப் பின்னாலுள்ள முக்கோணப் பகுதியில் தொடங்கும் கட்டி, மெல்லும் தசைக்குள் புகுந்தால் வாயை இறுக்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஈறு வீங்கியது போலவே இருக்கும்.

விளக்கைக் கிட்டே கொண்டுபோய், நாக்கைக் கண்ணாடியால் ஒதுக்கி, அந்த மூலையைப் பாருங்கள். கையுறை விரலால் தொட்டும் பாருங்கள். ஓரம் தடித்த புண், கல் போன்ற கெட்டி, வலியில்லாத கழுத்துக் கட்டி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பல்லில் கை வைக்க வேண்டாம். இரண்டு வாரத்தில் ஆறாத எந்தப் புண்ணும் பயாப்ஸிக்குப் போக வேண்டும். பல்லை எடுத்த குழி மூடாமல் சதை பொங்கிக்கொண்டு வந்தால் அதற்கு மூன்றாவது ஆன்டிபயாடிக் தேடக் கூடாது. ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் வாய்ப்புற்று கண்டறியப்படும் நாடு இது. அதில் நம் பங்கு, பார்த்தும் பார்க்காமல் விட்டதாக இருக்கக் கூடாது.

மேல், கீழ் முன்பற்களுக்கு இடையே வாய் எவ்வளவு திறக்கிறது என்று மில்லிமீட்டரில் அளந்து எழுதும் வழக்கத்தைத் தொடங்குங்கள். ஒரு ஸ்கேல் போதும். 35 மி.மீ.க்குக் கீழே இருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். அடுத்த வருகையில் அந்த எண் குறைந்திருந்தால் அது சொல்லும் சேதியை எந்த எக்ஸ்ரேயும் அவ்வளவு சீக்கிரம் சொல்லாது.

பல்லை எடுக்கும் முன் கவனிக்க வேண்டிய சர்க்கரை நோயைப் பற்றி அதிகம் விரிக்க வேண்டியதில்லை. 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் அந்த நோய் இருப்பதாகக் கணித்தது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருவதால், "எனக்குச் சுகர் கட்டுப்பாட்டில் இருக்கு" என்று பலர் நம்பிச் சொல்வார்கள். நம்புங்கள், ஆனால் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுக் கத்தியை எடுங்கள். இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்து ஆஸ்பிரின் சாப்பிடுகிறவரிடம் அதை நாமாக நிறுத்தச் சொல்லக் கூடாது. தையலும் அழுத்தமும் பெரும்பாலும் ரத்தத்தை நிறுத்திவிடும். தாடைக்கு அடியில் இருபுறமும் பலகை போல வீங்கி, நாக்கு மேலே தூக்கி, எச்சில் விழுங்க முடியாமல் வருகிறவர் லுட்விக் ஆஞ்சைனாவோடு வந்திருக்கிறார். மூச்சுக்குழாய் அடைபட மணிக்கணக்குதான் ஆகும். மாத்திரை எழுதி அனுப்பாமல் 108ஐக் கூப்பிட்டு, திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கோ முன்கூட்டியே போனில் சொல்லி அனுப்புங்கள்.

எடுப்பது என்று முடிவானால் நரம்பைப் பற்றிய பேச்சு தவிர்க்கவே முடியாதது. ஓபிஜியில் வேர் நரம்புக்குழாயைத் தாண்டும் இடத்தில் கறுத்துத் தெரிந்தாலோ, குழாயின் வெள்ளைக் கோடு அறுந்தாலோ, குழாய் திசை மாறினாலோ ஆபத்து அதிகம் என்று ரூட், ஷெஹாப் என்ற ஆய்வாளர்கள் 1990இலேயே எழுதினார்கள். அப்படிப்பட்ட பல்லுக்குச் சிபிசிடி ஸ்கேன் எடுப்பதும், தேவைப்பட்டால் வேரை விட்டுத் தலையை மட்டும் எடுக்கும் கரோனெக்டமியும், மதுரையிலுள்ள வாய் அறுவை நிபுணருக்கு அனுப்புவதும் நம் திறமைக்குக் குறைச்சல் அல்ல.

சம்மதப் படிவம் பற்றியும் ஒரு வார்த்தை. 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம், நோயாளி புரிந்துகொள்ளும்படி விவரம் சொல்லிப் பெற்றதே சம்மதம் என்று தெளிவாக்கியது. ஆங்கிலத்தில் அச்சடித்த படிவத்தில் கைநாட்டு வாங்குவது அதற்கு ஈடாகாது. "கீழ் உதடும் நாடியும் சில வாரம், சில மாதம் மரத்திருக்கலாம், அபூர்வமாகத் திரும்பாமலும் போகலாம்" என்று சொல்லிப் பாருங்கள், யாருக்கும் விளங்கும். மேல் பல்லை எடுத்தால் கண் மங்கிவிடும் என்ற பயமும் இங்கே இன்னும் இருக்கிறது. கேட்டுச் சிரிக்காமல், பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு என்று ஒரு நிமிடம் விளக்கினால் போதும்.

எடுத்த பின் நாம் சொல்லும் அறிவுரையில் இந்த ஊருக்கு மிக அவசியமானது துப்பக் கூடாது என்பது. வெற்றிலை போடுகிறவருக்குக் காறித் துப்புவது மூச்சு விடுவது போல. முதல் 24 மணி நேரம் துப்பவோ, கொப்பளிக்கவோ, பீடி இழுக்கவோ கூடாது என்று அவரிடம் மட்டுமல்ல, கூட வந்தவரிடமும் சொல்லுங்கள். ரத்தக்கட்டி நழுவினால் மூன்றாம் நாள் டிரை சாக்கெட் வலியோடு வருவார். அந்த மூன்றாம் நாளில் நாமே ஒரு போன் செய்தால், அவர் மறுபடி மெடிக்கலுக்குப் போய் நிற்க மாட்டார்.

இந்த இதழைப் படிக்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஞானப்பல் கேஸ் ஷீட்டில் நான்கு விஷயங்களை எழுதுங்கள்: இது எத்தனையாவது தடவை, வாய் எத்தனை மி.மீ. திறக்கிறது, பல்லுக்குப் பின்னாலுள்ள சதையைத் தொட்டுப் பார்த்தீர்களா, எடுக்கவோ விடவோ காரணம் என்ன. இரண்டாவது தடவை என்று எழுத நேர்ந்தால், எடுக்கும் தேதியையும் அன்றே குறித்துக் கொடுங்கள்.