விழுந்தவள் மட்டும்தானா குற்றவாளி?

பயிற்சி விமானம் ஒன்று தரையில் மோதி நொறுங்கட்டும். தூசி அடங்குமுன் தீர்ப்பு வந்துவிடுகிறது. "மாணவரின் கவனக்குறைவு" என்கிறார் அதிகாரி. "தலைவிதி" என்கிறார் பஞ்சாங்கப் பண்டிதர். இருவருக்கும் வசதியான தீர்ப்புத்தான்! அனுப்பியவர் யார், எதிலே ஏற்றி அனுப்பினார், என்ன கற்றுக் கொடுத்துவிட்டு அனுப்பினார் என்று கேட்கும் தொல்லை இல்லையல்லவா?

கேட்டுத்தான் பார்ப்போமே, பழைய வழக்கொன்றை வைத்து.

1930-களின் தொடக்கம். அன்றைய ஜெர்மனியின் சைலீசியப் பகுதியிலே, குரூனாவ் என்ற ஊரில் ஒரு கிளைடர் பள்ளி. கிளைடர் என்றால் எஞ்சின் இல்லாத விமானம். ஹன்னா ரைட்ஷ் என்னும் இளமங்கை அதிலே தன்னந்தனியே அமர்கிறாள். முதல் பாடமே தனிப் பாடம்! ஆசானுக்கு அதிலே இடமே கிடையாது. சக மாணவர்கள் ரப்பர் கயிற்றை இழுத்துவிட வேண்டும். ஆசான் தரையிலே நின்று கூவவேண்டும். தரையோடு சறுக்கினால் போதும், எழும்பக்கூடாது என்பது கட்டளை. ஆவலை அடக்க முடியவில்லை அவளால், பிடியை இழுத்தாள். எழும்பிற்று கிளைடர்! எழும்புவது எளிது. இறங்குவது எப்படி? அருகிருந்து காட்டித்தர ஆளில்லை. தடாலென மோதிற்று, இருக்கையிலிருந்து தூக்கி எறியப்பட்டாள். உயிர் பிழைத்தாள். மூன்று நாள் பறக்கக்கூடாது என்று தண்டனை!

கட்டளை மீறியது தவறுதான், மறுக்கவில்லை. ஆனால் கேட்கிறேன்: காரோட்டக் கற்பவன் பக்கத்திலே ஆசான் அமர்கிறானே, காற்றிலே ஏறுகிறவளை மட்டும் தனியே விடுவானேன்? எஞ்சின் உள்ள விமானம், இறக்கம் பிசகினால் மறுபடி எழும்பி ஒரு சுற்றுச் சுற்றி வரலாம். கிளைடருக்கு அந்த மறுவாய்ப்பும் இல்லை.

விடை குரூனாவில் இல்லை; வெர்சேல்சில் இருக்கிறது. ஜெர்மனிக்கு விமானப்படை கூடாது என்றது 1919 உடன்படிக்கை. கிளைடருக்குத் தடையில்லை! மரமும் துணியும் மலிவு. வாலிபர்கள் அதைவிட மலிவு. ஒற்றை இருக்கையென்றால் செலவு இன்னும் குறைவு. பறக்கும் மோகம் கொண்ட பிள்ளைகள் விழுந்து விழுந்து கற்றனர். 1935-இல் இட்லர் தன் விமானப்படையைப் பகிரங்கமாக அறிவித்தபோது, பறக்கத் தெரிந்த இளைஞர் கூட்டம் தயாராக நின்றது.

கீழ்ப்படியக் கற்றுக்கொண்டாள் ஹன்னா. எதற்குக் கீழ்ப்படிகிறோம் என்று கேட்கக் கற்றுக்கொள்ளவில்லை. நாஜிகளின் சோதனை விமானியானார். 1945 ஏப்ரலில், குண்டுமழைக்கிடையே பெர்லினுக்குப் பறந்து, இட்லரின் பாதாள அறையிலே போய் நின்றார். அந்த அம்மையாரைத்தான் 1959-இல் பண்டித நேரு இங்கே அழைத்து, டில்லி வானிலே கிளைடரில் உடன் பறந்தார்! அது தனிக்கதை; வேறொரு நாள் பேசலாம்.

போருக்குப் பின் இரட்டை இருக்கைக் கிளைடர் வழக்கமாயிற்று. ஆசானோடு பலமுறை இறங்கிப் பழகிய பிறகே தனிப் பறப்பு. விமான விபத்து விசாரணைக்கென 1951-இல் உலக நாடுகள் வகுத்த விதித்தொகுப்பு, இனியொரு விபத்தைத் தடுப்பதே விசாரணையின் நோக்கம், பழி சுமத்துவதன்று என்று இன்று பச்சையாகவே சொல்கிறது.

நம் நாட்டுச் செய்தி என்ன? 2023 அக்டோபரில், மராட்டியத்தின் பாராமதி அருகே ஒரே பயிற்சிப் பள்ளியின் இரண்டு விமானங்கள் நான்கு நாட்களுக்குள் விழுந்தன. அதன் பிறகே அப்பள்ளியின் பயிற்சிப் பறப்பை நிறுத்திவைத்தது விமானப் போக்குவரத்து இயக்குநரகம். மாணவரோடு நிற்காமல் பள்ளியின்மீது கை வைத்ததைப் பாராட்டுகிறோம். முதல் விமானம் விழுந்த அன்றே வைத்திருக்கக் கூடாதா அந்தக் கையை?